மரப்பீப்பாயும் மண்கலயமும்

சென்னையில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். பெயரைச் சொன்னால் வருத்தப்படுவார். சொல்லாவிட்டாலும் இதைப் படித்த மாத்திரத்தில் தம்மைத்தான் சொல்கிறேன் என்று கண்டுகொள்வார். அதனால் சொல்லாமலே விடுகிறேன். பெரிய உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர், நல்ல படிப்பாளி, காலையில் கந்த சஷ்டி கவசம், மாலையில் கர்நாடக சங்கீதம். இரண்டுக்கும் பிறகு, ராத்திரி எட்டு மணிக்கு மேல், அளவோடு ஒரு கிளாஸ். அளவு தவறி நான் பார்த்ததில்லை.

அவர் வீட்டு நடுக்கூடத்தில், தஞ்சாவூர்ப் படத்துக்கும் வீணைக்கும் நடுவே, ஒரு சின்னப் பீப்பாய் இருக்கிறது. பூசணிக்காய் அளவுதான். மூன்று லிட்டர் பிடிக்குமாம். ஓக் மரம், கறுப்பு இரும்பு வளையம், கீழே பல்லி நாக்கு மாதிரி ஒரு குட்டிக் குழாய். வெளிநாட்டிலிருக்கும் பிள்ளை அறுபதாம் கலியாணத்துக்கு வாங்கி அனுப்பியது. யார் வந்தாலும் அதைத் தட்டிக் காட்டுவார்.

"இதில் மூன்று மாசம் வைத்தால் போதும் ஸார், கடைச் சரக்குக்குக்கூட ஒரு குலம் கோத்திரம் வந்துவிடும். குடிப்பது பெரிதில்லை, அதை வைத்துக் காப்பாற்றத் தெரிய வேண்டும். அதுதான் கலாசாரம்" என்றார் ஒரு நாள்.

அதே மனிதர், அதே வாரத்தில், பனங்கள்ளுக்கு அனுமதி கொடுக்கலாமா என்று பத்திரிகையில் நடந்த விவாதத்துக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். கள் என்பது அநாகரிகம், ஏழைகளின் குடும்பத்தைக் கெடுப்பது, கலயத்தில் ஈ மொய்ப்பது, நாற்றமடிப்பது. மறுபடி அதைக் கொண்டுவந்தால் நாடு நூறு வருஷம் பின்னால் போய்விடும் என்று அழகான இங்கிலீஷில் எழுதியிருந்தார். கடிதத்தை என்னிடம் காட்டியபோது அவர் கை அந்தப் பீப்பாயின் மேல் இருந்தது.

எனக்குக் கோபம் வந்தது. நண்பர் மீதல்ல. அந்தக் கடிதத்தில் இருப்பது அவர் ஒருவருடைய அபிப்பிராயம் இல்லையே. இந்த ராஜ்யத்தின் சட்டமே அப்படித்தான் நினைக்கிறது. மரத்திலோ கண்ணாடியிலோ அடைத்து வைத்தால் அது நாகரிகம். மண்ணில் வடிந்தால் குற்றம். இந்த எண்ணம் தலைகீழானது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பீப்பாய்க்கு உரிய மரியாதையைச் செய்துவிட வேண்டும். மனிதன் செய்த சாமான்களில் அது ஒரு அதிசயந்தான். ஆணி கிடையாது, பசை கிடையாது. நடுவில் அகன்று இரண்டு முனையிலும் குறுகும்படி சீவிய பலகைகளை வட்டமாக நிறுத்தி, நெருப்புக் காட்டி வளைத்து, இரும்பு வளையத்தைத் தட்டி இறக்கிவிட்டால், ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு அவையே நிற்கும். புதுப் பீப்பாயில் முதலில் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஒழுகும். ஒழுக ஒழுக மரம் தண்ணீரைக் குடித்து ஊதி, தன் இடுக்கைத் தானே அடைத்துக்கொள்ளும். பிறகு உலர விட்டால் மறுபடி ஒழுகும். எத்தனை பாரமானாலும் உருட்டிக்கொண்டு போகலாம்; வயிறு பெருத்திருப்பதால் ஒற்றை ஆள் திசை திருப்பலாம். ஐரோப்பாவிலிருந்த கால் ஜாதியாரிடம் ரோமர்கள் இதைக் கண்டுகொண்டார்கள். அது வரையில் கப்பலில் மது போனது மண்சாடியில். கிறிஸ்து பிறந்து இருநூறு முந்நூறு வருஷத்துக்குள் சாடியைப் பீப்பாய் மெல்ல மெல்லத் துரத்திவிட்டது.

நமக்கு இதைக் கொண்டுவந்தவன் போர்த்துகீசியன். பண்டத்தோடு பெயரையும் இறக்கினான். அவன் பாஷையில் 'பீப்பா'. நாம் ஒரு 'ய்' சேர்த்துக்கொண்டோம். சாவி, ஜன்னல், அலமாரி எல்லாம் அதே வழியில் வந்த உறவுக்காரர்கள்தாம். பின்னால் இங்கிலீஷ்காரன் மதராஸில் உட்கார்ந்துகொண்டு மதேரா ஒயினைப் பீப்பாய் பீப்பாயாக இறக்கினான். அந்த ஒயினுக்கு ஒரு விசேஷம்: கப்பலின் வயிற்றில், வெயில் கடல்களில் வெந்து வெந்து வந்தால் அது கெடுவதற்குப் பதிலாக ருசி ஏறும்.

பீப்பாய் செய்கிற காரியம் இரண்டு. ஒன்று, வைத்திருப்பது, இன்னொன்று, மாற்றுவது. உள்பக்கம் கருக்கிய மரத்திலிருந்து நிறமும் மணமும் சாராயத்தில் இறங்குகின்றன. மரத்தின் கண்ணுக்குத் தெரியாத துவாரங்கள் வழியாகக் கொஞ்சங் கொஞ்சமாகச் சரக்கு ஆவியாகிறது. பாத்திரம் சின்னதாக ஆக, ஒவ்வொரு துளிக்கும் கிடைக்கிற மரம் அதிகம். ஆகையால் என் நண்பரின் பூசணிக்காயில் மூன்று மாசத்தில் நிறம் ஏறிவிடுவது வாஸ்தவந்தான். ஸ்காட்லாந்திலோ ஓக் பீப்பாயில் மூன்று வருஷம் கிடக்காத எதையும் விஸ்கி என்று விற்கக் கூடாது என்பது சட்டம். அங்கே குளிர். வருஷத்துக்கு நூற்றுக்கு இரண்டு பங்கு ஆவியாகப் போகும். நம் பெங்களூரில் அதே முறையில் விஸ்கி செய்து 2004-இல் கிளாஸ்கோவுக்கே கொண்டுபோய் விற்ற ஒரு கம்பெனி இருக்கிறது. அவர்களுக்கு வருஷத்துக்கு நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் காற்றில் போகிறது. சென்னை வெயிலுக்குக் கேட்க வேண்டாம்.

இங்கேதான் நண்பரின் கலாசாரம் ஒழுக ஆரம்பிக்கிறது. இந்த வெயிலில் உண்மையாகவே பீப்பாயில் வைத்து விற்பதென்றால் முதலாளிக்குக் கட்டுபடியாகாது. ஆகவே நம் கடைகளில் விற்கும் சரக்கில் பெரும்பகுதிக்குப் பீப்பாயோடு உள்ள சம்பந்தம், பாட்டில் மேல் ஒட்டிய படத்தில் மட்டுந்தான். கரும்பாலையில் சர்க்கரை எடுத்தபின் மிஞ்சுகிற மொலாசஸ் என்ற கழிவுப்பாகைப் புளிக்க வைத்து, காய்ச்சி, மணம் குணம் எதுவுமில்லாத வெறும் ஸ்பிரிட்டாக வடித்து, தண்ணீர் சேர்த்து, கருக்கிய சர்க்கரையால் நிறம் கொடுத்து, வாசனை கூட்டி, பிராந்தி என்றும் விஸ்கி என்றும் பெயரிடுகிறார்கள். தானியத்தில் செய்யாத இதை ஐரோப்பாவில் விஸ்கி என்று விற்க முடியாது. நாம் வாங்குகிறோம். நூற்றுக்கு 42.8 பங்கு சாராயம். சீல் வைத்தது. நாளைக்கும் இருக்கும், அடுத்த வருஷமும் இருக்கும்.

இந்த எரிச்சலோடுதான், போன பங்குனியில், மண்டகப்பட்டுக்குப் போனேன். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். எனக்கே போனபின்தான் தெரிந்தது.

விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகும் பக்கத்தில் இருக்கிறது மண்டகப்பட்டு. வெயிலும் பாறையும் ஏரியுமான ஊர். அங்கே ஒரு குன்றைக் குடைந்து மூன்று அறையுள்ள கோயில் ஒன்றைச் செய்திருக்கிறான் மகேந்திர பல்லவன். ஆயிரத்து நானூறு வருஷமாகப் போகிறது. செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்புக் காரை இல்லாமல், பிரம்மாவுக்கும் சிவனுக்கும் விஷ்ணுவுக்கும் விசித்திரசித்தனாகிய அரசன் செய்வித்த ஆலயம் என்று முகப்புத் தூணில் வடமொழியில் வெட்டி வைத்திருக்கிறது. மூன்று அறையிலும் இன்று மூர்த்திகள் இல்லை. இரண்டு ஓரத்திலும் துவாரபாலகர்கள் மாத்திரம் யாருக்கோ காவலாக நிற்கிறார்கள். அவன் வேண்டாமென்று தள்ளிய நான்கில் இரண்டு, மரமும் உலோகமும், பீப்பாய்க்கு இல்லாமல் முடியாது என்று அங்கே நின்றபோது நினைத்துக்கொண்டேன். ஒருவன் ஒரு பண்டத்தையே நினைத்துக்கொண்டு ஊர் சுற்றினால் இப்படித்தான்.

ஆனால் இந்த விசித்திரசித்தனுக்கு இன்னொரு பெயர் மத்தவிலாசன். அதே பெயரில் அவன் ஒரு நகைச்சுவை நாடகம் எழுதியிருக்கிறான். நாட்டை ஆண்ட ராஜா தன் தலைநகரமான காஞ்சிபுரத்துக் குடிகாரர்களைப் பற்றி எழுதிய நாடகம்! கதை என்னவென்றால், பாத்திரம் காணாமற்போவது. சத்தியசோமன் என்ற காபாலிகனும் அவன் துணைவி தேவசோமையும் கள்ளுக்கடையிலிருந்து புறப்படுகிறார்கள்; குடிக்கிற மண்டையோட்டைக் காணோம். எதிரே வந்த நாகசேனன் என்ற பௌத்த சந்நியாசிதான் திருடினான் என்று சண்டை. அந்தச் சந்நியாசியோ, மதுவையும் மாதரையும் அனுமதிக்கிற ஏடுகளைப் பொறாமை பிடித்த கிழ பிக்ஷுக்கள் ஒளித்துவிட்டார்களோ என்று மனசுக்குள் ஆதங்கப்பட்டுக்கொண்டு போகிறவன். கடைசியில் பார்த்தால் மண்டையோட்டைக் கொண்டுபோனது ஒரு நாய். நாயிடமிருந்து பிடுங்கி வைத்திருப்பது ஒரு பைத்தியக்காரன். மதுவிலக்கைப் பற்றிப் பேசுகிற எல்லாரும் ஒரு தரம் படிக்க வேண்டிய நாடகம் இது. குடிக்கிறவன், குடிக்க ஆசைப்பட்டுக்கொண்டே கண்டிக்கிறவன், நடுவில் காணாமற்போகிற பாத்திரம். நம் நிலைமைக்கு வேறென்ன வேண்டும்?

கோயிலைவிட்டு வெளியே வந்தால் பனைமரங்கள். விக்கிரவாண்டிப் பக்கமே பனைநாடுதான். அருகில் பனையபுரத்துச் சிவன் பனங்காட்டீசுவரர். அங்கே பனைதான் ஸ்தல விருட்சம். சம்பந்தர் பாடிய ஊர். பனையே தமிழ்நாட்டின் மாநில மரம் என்று சர்க்கார் அறிவித்திருப்பதையும் வாசகர்கள் அறிவார்கள். அந்த மாநில மரம் ஒன்றின் உச்சியிலிருந்து ஒரு பெரியவர் இறங்கிக்கொண்டிருந்தார். அறுபதுக்கு மேல் இருக்கும். கால்களில் தளைநார், இடுப்பில் பாளை அரிவாள் பெட்டி, அதற்குப் பக்கத்தில் கலயம்.

"இன்னா ஐயா, கோயிலு பாக்க வந்தீங்களா?" என்றார்.

ஆமென்றேன். பேச்சுக் கொடுத்தேன். தினம் இரண்டு வேளை ஏறுகிறாராம். எத்தனை மரம் என்று கேட்டேன். முன்பு முப்பது, இப்போது முட்டி வலி வந்து பன்னிரண்டு. பாளையை நசுக்கி, நுனியைச் சீவி, கலயத்தைக் கட்டிவிட்டு வந்தால் சொட்டுச் சொட்டாக விழும். ஒவ்வொரு வேளையும் ஏறி ஒரு மயிரிழை சீவினால்தான் ஊறும். ஒரு நாள் ஏறாவிட்டால் பாளை காய்ந்து போகும். ஞாயிற்றுக்கிழமை கிடையாது, தீபாவளி கிடையாது என்று சொல்வதற்கில்லை. தீபாவளிக்குப் பனை ஊறாது. மற்றபடி கிடையாது.

"இது பதநீர்தானே, பெரியவரே?" என்று கேட்டேன்.

அவர் சிரித்துவிட்டுக் கலயத்தை என் பக்கம் சாய்த்துக் காட்டினார். உள்பக்கம் சுவரில் வெள்ளையாகச் சுண்ணாம்பு.

"இது இருந்தா பதநீரு. இல்லாங்காட்டி கள்ளு. கள்ளுன்னா ஜெயிலு. மரம் ஒண்ணுதான், பாளை ஒண்ணுதான், கலயம் ஒண்ணுதான் ஐயா. போன மாசம் சுண்ணாம்பு கம்மியா கீதுன்னு சொல்லி ஏழு கலயத்த ஒடச்சுப்புட்டாங்க. எத்தினி தடவணும்னு கேட்டேன். அதுக்குப் பதிலு இல்ல."

உடைத்தது யார் என்று நான் கேட்கவுமில்லை, அவர் சொல்லவுமில்லை.

பனையோலையை மடித்து அதில் ஊற்றிக் கொடுத்தார். குடித்தேன். அது பதநீர்தான் என்பதை இங்கே அழுத்தமாகப் பதிவு செய்துகொள்கிறேன்.

அந்தச் சுண்ணாம்புக் கோட்டைத்தான் யோசித்துக்கொண்டே விழுப்புரம் திரும்பினேன். சுண்ணாம்பு தடவாத கலயத்தில் என்ன நடக்கிறது? பாளையிலிருந்து விழுகிற முதல் சொட்டிலேயே காற்றிலும் கலயத்திலும் இருக்கிற நுண்ணுயிர்கள் வேலையை ஆரம்பித்துவிடுகின்றன. காலையில் இறக்கினால் இனிப்பும் இலேசான புளிப்பும். உச்சிவேளைக்குக் கொஞ்சம் வேகம். அப்போதும் நூற்றுக்கு ஐந்து பங்கு சாராயம் இருந்தால் அதிகம். சாயங்காலம் புளிப்பு ஏறுகிறது. மறுநாள் வாயில் வைக்க முடியாது, காடி. அதாவது, கள்ளுக்கு ஆயுசு ஒரே பகல். அதை நாளைக்கு என்று எடுத்து வைக்க முடியாது. விலை ஏறட்டும் என்று கிடங்கில் போட்டுக் காத்திருக்க முடியாது. கலயத்துக்கு மூடி கிடையாது. மரம் எவ்வளவு கொடுத்ததோ அவ்வளவு, ஏறியவன் எத்தனை மரம் ஏறினானோ அத்தனை. ஒருவன் உலகத்துக்கே குடிக்க ஊற்றிப் பணக்காரனாக வேண்டுமென்றால் கள்ளைக் கட்டிக்கொண்டு முடியாது. அவனுக்குப் பீப்பாய் வேண்டும்.

நண்பர் புகழ்கிற அந்த 'வைத்துக் காப்பாற்றுதல்' இருக்கிறதே, குடியில் உள்ள பெரிய கெடுதல்களுக்கெல்லாம் வாசற்படி அதுதான் என்கிறேன். கெடாத சரக்கு கிடங்கில் தூங்கும், விளம்பரம் கேட்கும், நடு ராத்திரியிலும் கிடைக்கும், காலை ஆறு மணிக்குக் கை நடுங்குகிறவனுக்காகக் காத்துக்கொண்டும் இருக்கும். கெடுகிற சரக்கு மனிதனுக்காகக் காத்திருக்காது.

நம் முன்னோர் சேமித்து வைக்கவில்லையா என்று தமிழ்ப் பண்டிதர்கள் கேட்பார்கள். வைத்தார்கள். மூங்கில் குழாயில் அடைத்து முற்றவைத்த தேறலைச் சங்கப் பாட்டுக்கள் எத்தனையோ இடத்தில் சொல்லுகின்றன. அதுதான் நம் சொந்தப் பீப்பாய். அதற்கு வளையமும் வேண்டாம், ஆணியும் வேண்டாம். மண்ணில் புதைத்து வைத்த சாடிகளும் உண்டு. பாண்டியனுக்கு யவனர் கொண்டுவந்த மதுவைப் புறநானூறு சொல்லுகிறது. அந்த யவனச் சாடிகளின் ஓடுகளைப் புதுச்சேரிக்குத் தெற்கே அரிக்கமேட்டில் 1945-இல் மார்டிமர் வீலர் தோண்டி எடுத்தார். மண்டகப்பட்டிலிருந்து ஒரு நாள் வண்டிப் பயணத்துக்குள் அடங்குகிற தூரந்தான். தமிழன் குடித்ததே இல்லை என்று மேடையில் பேசுகிறவர்களுக்கு அதியமானும் ஔவையும் போதும். குடித்ததெல்லாம் சரி என்கிறவர்களுக்குக் குறளில் கள்ளுண்ணாமை என்று ஓர் அதிகாரமே போதும். ஆனால் கவனியுங்கள்: மூங்கில் தேறலும் யவனர் மதுவும் மன்னனும் தலைவனும் ஊற்றிக் கொடுத்தவை. முற்றவைப்பது, காத்திருப்பது, அடைத்து வைப்பது எல்லாம் மிச்சம் உள்ளவன் செய்கிற காரியம். அன்றன்றைக்கு வடிந்தது அன்றன்றைக்கு உழைத்தவனுடையது. அப்போதும் அப்படி, இப்போதும் அப்படி.

வெள்ளைக்காரன் இதை நன்றாகப் புரிந்துகொண்டான். 1886-இல் மதராஸ் அப்காரிச் சட்டம் கொண்டுவந்து பனைக்கும் தென்னைக்கும் மரவரி போட்டான். மரத்தை எண்ணுவது கஷ்டம். ஆலையை எண்ணுவது சுலபம். பழைய தென்னார்க்காட்டில், நெல்லிக்குப்பத்தில், பாரி கம்பெனியின் சர்க்கரை ஆலையும் சாராய வடிசாலையும் ஓங்கின. ஊரில் காய்ச்சியவன் பட்டைச் சாராயம் காய்ச்சினான். வெள்வேல மரத்துப் பட்டையை ஊறலில் போட்டதால் அந்தப் பெயர். சீமைக்காரன் சாராயத்தை மரத்துக்குள் வைத்தான். நம் ஆள் மரத்தைச் சாராயத்துக்குள் வைத்தான். முதலாவதற்கு லைசென்ஸ், இரண்டாவதற்கு விலங்கு.

பிறகு வந்த கதை தெரிந்ததுதான். 1921-இல் கள்ளுக்கடை மறியல். பெரியார் தம் தோப்புத் தென்னைகளை வெட்டச் செய்தார். 1937-இல் ராஜாஜி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கை ஆரம்பித்தார். 1948 அக்டோபர் 2-ஆம் தேதி ராஜதானி முழுவதும் மதுவிலக்கு வந்தது. அதைக் கொண்டுவந்த பிரதமர் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார்; திண்டிவனம் பக்கத்து மனிதர், இந்த மண்ணின் பிள்ளை. அவர்களுடைய நோக்கத்தில் நான் குற்றம் காணவில்லை. கைச் சுத்தமும் மனச் சுத்தமும் உள்ளவர்கள். ஆனால் சட்டம் மாறியபோது முதலில் மாறியது மனிதனல்ல, பாத்திரம். திறந்த கலயம் ஒளிய முடியாது. ஆகவே அது போயிற்று. அந்த இடத்துக்கு லாரி ட்யூப் வந்தது. சைக்கிளில் குறுக்கே போட்டுக்கொண்டு, பூசணிக்கொடிக்கு அடியில் புதைத்துக்கொண்டு, வாய்க்காலில் மூழ்கடித்துக்கொண்டு போகக்கூடிய பாத்திரம். மதுவிலக்குக் காலத்தின் பீப்பாய் அது. உள்ளே என்ன இருக்கிறது என்று விற்கிறவனுக்கே தெரியாது.

1971-இல் கதவைத் திறந்தார்கள்; 1974-க்குள் மூடினார்கள்; 1981-இல் மறுபடி திறந்தார்கள். 1987 ஜனவரி முதல் தேதி கள்ளையும் சாராயத்தையும் தடுத்தார்கள். சீமைச் சரக்கைத் தடுக்கவில்லை! 2003-இல் சில்லறைக் கடையையே சர்க்கார் தன் கையில் எடுத்துக்கொண்டது. 2023-24-இல் டாஸ்மாக் மூலம் கஜானாவுக்கு வந்தது நாற்பத்தையாயிரம் கோடி ரூபாய்க்கு மேல். கள்ளைத் தடுத்தது ஒழுக்கத்துக்காக என்றால், இந்தக் கணக்கில் ஒழுக்கம் எந்த வரியில் எழுதப்பட்டிருக்கிறது?

2023 மே மாதம் விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்தில், ஓமந்தூரிலிருந்து அதிக தூரமில்லாத மீனவர் குப்பத்தில், விஷச் சாராயம் குடித்து மனிதர்கள் செத்தார்கள். விழுப்புரத்தில் 14 பேர். செங்கற்பட்டுப் பக்கத்தையும் சேர்த்தால் இருபதுக்கு மேல். ஒரு வருஷத்துக்குச் சற்று மேல். 2024 ஜூன் மாதம், 2019 வரையில் இதே விழுப்புரத்தோடு இருந்த கள்ளக்குறிச்சியில், கருணாபுரத்தில், அறுபது பேருக்கு மேல். இரண்டு இடத்திலும் கொன்றது மெத்தனால். தொழிற்சாலைக்காகச் செய்கிற பண்டம். பெயிண்டுக்கும் பசைக்கும் ஆவது. பேரலில் வரும், கெடாது, எத்தனை நாளும் கிடக்கும், பார்வைக்குச் சாராயம் மாதிரியே இருக்கும். கொஞ்சம் போனாலே கண் போகும், மேலும் போனால் உயிர் போகும். கருணாபுரத்தில் அது பாக்கெட்டில் வந்தது. பனங்கள்ளில் மெத்தனால் இப்படி வடியாது. பனை மரத்துக்கு அந்த வித்தை தெரியாது.

செத்தவர்கள் ஏன் டாஸ்மாக் கடைக்குப் போகவில்லை என்று என் நண்பர் கேட்டார். விலைதான். மூட்டை தூக்கி நாள் கூலி வாங்குகிறவனுக்குக் கடைப் பாட்டில் பாதிக் கூலியைத் தின்றுவிடும். அவனுக்குக் கட்டுபடியான குடி ஒன்று மரத்தில் இருந்தது; அதைக் குற்றமாக்கினோம். கட்டுபடியாகாததைக் கடையில் வைத்தோம். இரண்டுக்கும் நடுவில் இருந்த சந்தில் பாக்கெட்காரன் புகுந்தான்.

கள் குடும்பத்தைக் கெடுக்கவில்லையா? கெடுத்திருக்கிறது. சம்பளநாளில் மொந்தையோடு உட்கார்ந்து, வெறுங்கையோடு வீட்டுக்குப் போய் மனைவியை அடித்தவர்களை நான் சின்ன வயசில் பார்த்திருக்கிறேன். கள்ளை அமிர்தம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. கள்ளிலும் கலப்படம் உண்டு. 2025 ஜூலையில் ஹைதராபாத் குக்கட்பள்ளியில் கலப்படக் கள்ளைக் குடித்துப் பலர் செத்தார்கள். தூக்க மாத்திரையை ஒத்த மருந்து கலந்திருந்தது. ஆனால் பட்டணத்தின் நடுவில், மரமில்லாத இடத்தில், நாள் முழுவதும் தீராமல் கள் விற்கிறான் என்றாலே அது கள்ளாக இருக்க முடியாதே! ஒரு பகல் ஆயுசுள்ள பண்டத்தைக் கிடங்குச் சரக்காக்கப் பார்த்தார்கள், அது விஷமாயிற்று. இலங்கையில் தென்னங்கள்ளைச் சாராயமாக்குகிறவர்கள்கூட, இறக்கிய சூட்டோடு வடித்துவிடுகிறார்கள். அப்புறந்தான் மரத்தொட்டியில் போட்டுக் காத்திருப்பது. வடிக்காத கள்ளைப் பீப்பாயில் போட எவனாலும் முடியவில்லை.

ஆகவே நான் கேட்பது சாராயக் கடையும் அல்ல, கள்ளுக்கடை ஏலமும் அல்ல. புதுச்சேரியில் அந்த ஏலங்கள் இன்றும் நடக்கின்றன. அங்கே போய்ப் பார்த்தவன் ஏலத்துக்கு வாதாட மாட்டான். ஏலம் வந்தால் காண்டிராக்டர் வருவார். காண்டிராக்டர் வந்தால் கலயம் போய்ப் பேரல் வரும். ஏறுகிறவனே இறக்கட்டும், மரத்தடியிலேயே, அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் விற்கட்டும், ஊரெல்லையைத் தாண்ட வேண்டாம், மூடியுள்ள எந்தப் பாத்திரத்திலும் அதை ஊற்றக் கூடாது என்று சட்டம் போடட்டும். சுண்ணாம்பு போதுமா என்று கலயத்துக்குள் எட்டிப் பார்க்கிற உத்தியோகஸ்தர்கள், அந்தக் கண்களைக் கொஞ்சம் மெத்தனால் பேரல் போகிற பாதையில் வைக்கட்டும். இன்னொன்று: ஒழுக்கத்துக்காகத்தான் தடை என்றால், மரத்தடிக் கலயத்துக்கு முன்னால் சீல் வைத்த பாட்டிலைத் தடுக்கட்டும். அதைச் செய்கிற மந்திரியின் படத்தை என் பூஜை அறையில் மாட்டுகிறேன். அதைச் செய்ய மாட்டார்கள் என்பதனால்தான் இதைக் கேட்கிறேன்.

இந்த வாதத்தையெல்லாம் நண்பரிடம் சொல்லப் போனேன். மண்டகப்பட்டுப் பெரியவரிடம் ஒரு பழைய கலயத்தை விலைக்குக் கேட்டபோது, காசு வாங்க மறுத்து, பழந்துணியில் சுற்றிக் கொடுத்திருந்தார். அதை எடுத்துக்கொண்டுபோய் நண்பரின் பீப்பாய்க்குப் பக்கத்தில் வைத்தேன். பீப்பாய் காலியாக இருந்தது. கோடையில் ஊருக்குப் போயிருந்தபோது உலர்ந்து, பலகை இடைவெளி விட்டு, வார்னிஷ் பூசிய மேஜையெல்லாம் ஒழுகிவிட்டதாம். அதற்கு ஆள் தேடிக்கொண்டிருப்பதாகச் சொன்னார்.

பிறகு கலயத்தைக் கூர்ந்து பார்த்தார். கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"இதை வீட்டில் வைத்துக்கொள்ளலாமா ஸார்? ஒன்றும் ஆபத்தில்லையே?" என்றார்.

"சுண்ணாம்பு தடவியதுதான்" என்றேன்.

விரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்தார். விரல் வெள்ளையாக வெளியே வந்த பிறகுதான் என்னை உட்காரச் சொன்னார்.